உப்புப் பார்த்த விரல்

அத்தியாயம் 4

செருப்பு ஜன்னல் கம்பியில் பட்டு வெளியிலேயே விழுந்தது.

"குறி தப்பிடுச்சு," என்றான் வத்தி. "எறியறதுக்கும் அந்த 'ஏணி'ங்கற பங்கு வாங்கற ஆப்-ஐத்தான் நம்பியிருப்பாங்க போல."

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே சிரிப்பு வரவில்லை. வத்திக்குச்சி உடம்பும், உரசினால் பற்றிக்கொள்ளும் சுபாவமும் சேர்ந்து வாங்கிக் கொடுத்த பெயர் அது. துப்பறியும் கறார் மேடத்துக்கு கார் ஓட்டுவது, சாட்சிகளிடம் நைசாகப் பேசுவது, நடுநடுவே நக்கல் அடிப்பது, இவைதான் அவன் வேலை. அடுத்தவர் வீட்டு வழக்கில் நக்கல் தானாக வரும். இன்றைக்கு வழக்கு அவனுடைய சொந்த அக்கா வீட்டில். ஒவ்வொரு நக்கலும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வெளியே வந்தது.

வாசலில் முப்பது நாற்பது பேர் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் வீட்டில் உட்கார்ந்தபடி பங்குச் சந்தையில் வாங்கி விற்கிறவர்கள். கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது, கையில் ஒரு போன், அதில் ஒரு மென்பொருள், அவ்வளவுதான் கடை. எந்த மென்பொருளை நம்பலாம், எது காலை வாரும் என்று சோதித்துப் பார்த்து மார்க் போடுவதுதான் அக்காவின் தொழில். ஊருக்கே அவள் மார்க்கக்கா. கம்பெனிக்காரன் ஒரு பேனா அனுப்பினால்கூட, கூரியர் செலவைத் தானே கட்டித் திருப்பி அனுப்புகிற ஆள். நூற்றுக்கு அறுபது வாங்குவதற்குள் பெரிய பெரிய கம்பெனிகளுக்கு நாக்குத் தள்ளும்.

அப்படிப்பட்டவள் 'ஏணி' என்ற மென்பொருளுக்குத் தொண்ணூற்று இரண்டு போட்டாள். மார்க்கக்காவே போட்டுவிட்டாள் என்று கூட்டம் கூட்டமாக ஏறினார்கள். ஏறினவர்கள் எல்லாம் இப்போது வாசலில் நின்றார்கள்.

"வெளியே வா! எவ்வளவு வாங்கினே?"

"திருடி!"

"என் பொண்ணு காலேஜ் பணம்டி அது!" செருப்பை எறிந்த அம்மாள் கத்தினாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இன்னொரு கால் செருப்பும் கையில் தயாராக இருந்தது.

கூட்டத்துக்கு முன்னால் கையை உயர்த்திக்கொண்டு நின்றவர், சில்லறை வர்த்தகர் சங்கத்தின் செயலாளர். பைக்குள் விட்ட கை வெறுமனேதான் வெளியே வரும் என்பதால் உறுப்பினர்களே அவருக்கு 'பூட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். இதே வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, இதே அக்காவிடம் வியாபாரம் கற்றுக்கொண்ட மனுஷன்.

"தங்கச்சின்னு கூப்பிட்ட வாயால சொல்றேன்," என்று அவர் குரலை உயர்த்தினார். "நம்பி இலையைப் போட்டு உக்காந்தோம். உப்புகூடப் பாக்காம ஊருக்கே பரிமாறிட்டா! எல்லாம் காசு! இன்னைக்கு மத்தியானம் சங்கத்துல தீர்மானம். இவ லஞ்சம் வாங்கினவள்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, நேரா போலீஸ்!"

கைதட்டல் எழுந்தது. வத்தி கதவுத் தாழ்ப்பாளில் கையை வைத்தான்.

"எங்கே?" என்றார் கறார் மேடம், நாற்காலியிலிருந்து அசையாமல்.

"செருப்பைத் திருப்பிக் குடுத்துட்டு வர்றேன் மேடம். ஒத்தைக் கால்ல நிக்கறாங்க பாவம்."

"கோபத்தைப் பத்திரமா வெச்சுக்கோ. மத்தியானம் வேணும்."

கறார் மேடத்துக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்து, மேலதிகாரியின் பொய்யையே கண்டுபிடித்ததால் வேலையை விட நேர்ந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். அதுதான் பயமாக இருக்கும்.

---

அக்கா அழவில்லை. சோதனை அறையில் மேஜைமேல் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது, கோபத்தில்.

"நான் சோதிச்சேன். சரியாத்தான் இருந்தது. இப்பவும் என் போன்ல சரியாத்தான் இருக்கு. அவங்க போன்ல மட்டும் ஏன் தப்பா இருக்கு? எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும் போல இருக்கு மேடம்."

"என்ன தப்பு? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"திரையில நூறு ரூபாய்னு காட்டும். வாங்கு-ன்னு அமுக்கினா நூத்தி ஒண்ணுக்கு வாங்கிக் குடுக்கும். விக்கும்போது தொண்ணூத்தி ஒம்போதுக்குத் தள்ளிவிடும். ஒவ்வொரு தடவையும் ஒரு கிள்ளு. கேட்டா, சந்தை வேகமா ஓடுதுன்னு சொல்வான்."

"அந்தக் கிள்ளு எங்கே போகுது?"

"கம்பெனி பாக்கெட்டுக்கு. வேற எங்கே போகும்?"

"ஏணின்னு பேர் வெச்சவன் ஏறறதுக்கா இறங்கறதுக்கான்னு சொல்லவே இல்லை பாருங்க," என்றான் வத்தி.

மேடம் அவனைக் கண்டுகொள்ளவில்லை. "சோதிக்கறது நீங்கன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சிருக்கலாமே? உங்களுக்கு மட்டும் ஒழுங்கா நடந்துக்கிட்டிருக்கலாம்."

அக்கா இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே போன்கள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு துண்டு ஒட்டுத்தாள். "இது எங்க மாமனார் பேர்ல. இது கீழ்வீட்டு தையல்காரம்மா பேர்ல. இது இவன் பேர்ல. ஒவ்வொரு சோதனைக்கும் புது நம்பர், புதுக் கணக்கு, வேற ஆள். நான்தான்னு கண்டுபிடிக்கவே முடியாது. அதுக்குத்தானே இவ்வளவு பாடு!"

"சரி. என் கண்ணு முன்னாடி திரும்ப சோதிங்க. வத்தி, நீயும்."

ஒரே மாதிரி இரண்டு போன்கள். இரண்டிலும் அன்று வாங்கிய புது எண், புதுக் கணக்கு. ஏணியில் எத்தனை கணக்கு வேண்டுமானாலும் ஒரு நிமிஷத்தில் திறக்கலாம். ஒரே மேஜை, ஒரே இணைப்பு. ஒரு சிமென்ட் கம்பெனிப் பங்கை இருவரும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டும். மேடம் விரலைச் சொடுக்கினார்.

அக்காவுக்குத் திரையில் காட்டிய விலைக்கே கிடைத்தது. வத்திக்கு இரண்டு ரூபாய் கூட.

"போனை மாத்திக்குங்க. புதுக் கணக்குத் திறங்க."

மாற்றிக்கொண்டார்கள். மறுபடியும் அக்காவுக்குச் சரியான விலை, வத்திக்கு நாமம்.

"சேர் மாத்தி உக்காருங்க."

மாறி உட்கார்ந்தார்கள். அதே கதைதான். வத்திக்குக் காது சூடாகிவிட்டது. கண்ணெதிரே, கூசாமல், ஒரு இரும்புத் துண்டு தன் பையில் கை விடுகிறது. அதன் சட்டையைப் பிடித்து உலுக்கவும் வழி இல்லை.

"எனக்குப் பொறந்தப்பவே ஜாதகம் சரியில்லை மேடம்," என்றான். "அக்காவுக்குக் கைராசி."

மேடம் நிமிர்ந்தார். "என்ன சொன்னே?"

"ஜாதகம் சரியில்லைன்னு..."

"அது இல்லை. அடுத்தது."

"கைராசி."

"ராசியை விடு. கை." அவர் நாற்காலியை இழுத்து அக்காவின் தோளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "இன்னொரு கணக்குத் திறங்க. மெதுவா. நான் போனைப் பாக்கப் போறதில்லை, உங்க விரலைத்தான் பாக்கப் போறேன்."

அக்காவின் கட்டைவிரல் இறங்கியது. வாங்கு. உடனே ரத்து. வாங்கு, ரத்து. வாங்கு, ரத்து. அதற்குப் பிறகுதான் நிஜமான ஆர்டர்.

"நடுவுல என்னமோ பண்ணினீங்களே, அது என்ன?"

"எது?" அக்கா விழித்தாள். தான் செய்தது அவளுக்கே தெரியவில்லை. பிறகு, "ஓ, அதுவா! உப்புப் பாக்கறேன்."

"உப்பா?"

"அடுப்புல இருக்கறதை இறக்கறதுக்கு முன்னாடி ஒரு சொட்டு உள்ளங்கையில விட்டுப் பாக்கறோம் இல்லையா, அது மாதிரி. சின்னதா ஒரு ஆர்டர் போட்டு, போய்ச் சேர்றதுக்குள்ள திருப்பி எடுப்பேன். மூணு தடவையும் முழுசாத் திரும்பி வந்தா, இது நம்ம காசைக் கையில வெச்சுக்கத் தகுதியான ஆப்தான்னு அர்த்தம். எடுத்த எடுப்புல அதைத்தான் பண்ணுவேன். கை பழகிடுச்சு."

மேடம் வத்தியைப் பார்த்தார். அவன் ஏற்கெனவே புதுக் கணக்குத் திறந்துகொண்டிருந்தான். வாங்கு, ரத்து. வாங்கு, ரத்து. வாங்கு, ரத்து. பிறகு ஆர்டர்.

திரையில் காட்டிய விலைக்கே, ஒரு பைசா கூடுதலில்லாமல், பங்கு வந்து விழுந்தது.

"அடப்பாவிகளா!" வத்தி எழுந்ததில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. "இன்ஸ்பெக்டர் வர்ற அன்னைக்கு மட்டும் தராசைச் சரி பண்ணுவானே கடைக்காரன், அந்த வேலையை மென்பொருளுக்குள்ளேயே எழுதி வெச்சிருக்கான்! பேரைப் பாக்கலை, நம்பரைப் பாக்கலை. எவ உப்புப் பாக்கறாளோ அவதான் மார்க்கக்கா. அவளுக்கு மட்டும் நல்ல முகம், மத்தவனுக்கெல்லாம் பிளேடு!"

அக்கா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என் கையை வெச்சே என் கண்ணைக் குத்தியிருக்கான்," என்றாள்.

"கிளம்புங்க மேடம். நேரா சங்கத்துக்குப் போய் இதை அப்படியே செஞ்சு காட்டுவோம். அந்தப் பூட்டு வாயைப் பூட்டுவோம்!"

"உக்காரு."

"மேடம்..."

"செஞ்சு காட்டினா உங்க அக்கா நேரா உள்ளே போவா. உக்காரு."

வத்தி உட்காரவில்லை. ஆனால் நின்றுவிட்டான்.

"நான் அந்தக் கூட்டத்துல ஒருத்தின்னு வெச்சுக்கோ," என்றார் மேடம். "நீ இதைக் காட்டறே. நான் என்ன கேப்பேன்? இவ கை எப்படிப் போகும்னு கம்பெனிக்கு எப்படித் தெரிஞ்சது? இவளே போய்ச் சொல்லிக் குடுத்திருக்கா. நான் இப்படித் தட்டுவேன், நீ அப்படிக் காட்டு, ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கலாம். இதைத்தான் கேப்பேன். நீ கொண்டுபோற சாட்சியே தூக்குக் கயிறு."

நியாயம் கையில் இருக்கிறது, வெளியே எடுத்தால் அதுவே கழுத்தை நெரிக்கும் என்றால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? வத்தி சுவரை ஒரு குத்து விட்டான். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இந்த உப்பு விஷயத்தை எங்கேயாவது பேசியிருக்கீங்களா? வீடியோல, கூட்டத்துல?"

"மாட்டவே மாட்டேன்," என்றாள் அக்கா. "வெளியில சொன்னா பரீட்சைக்கு முன்னாடியே கேள்வித்தாளைக் குடுத்த மாதிரி ஆயிடும். சோதிச்சேன்னு மட்டும்தான் சொல்வேன். எப்படின்னு சொல்ல மாட்டேன். உப்புங்கறதே இந்த வீட்டுக்குள்ள நானா வெச்சுக்கிட்ட வார்த்தை."

"அப்போ யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. இவனுக்கு."

மேடத்தின் பார்வை வத்தியின் பக்கம் திரும்பியது. அவனுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது.

"என்ன மேடம் பார்வை அது? நானா? என் அக்காவையா? என்னைச் சின்ன வயசுலேர்ந்து..."

"கேக்கறது என் வேலை," என்றார் மேடம். "கத்தாதே. நீ இல்லைன்னு தெரியும். உனக்கு ரகசியம் காக்கத் தெரியாது. வித்திருந்தா அன்னைக்கே என்கிட்ட உளறியிருப்பே." அக்காவின் பக்கம் திரும்பினார். "சோதனையெல்லாம் எப்பவும் இந்த ரூம்லதானா?"

"இந்த ரூம் இப்போ கட்டினது. அதுக்கு முன்னாடி சாப்பாட்டு மேஜைலதான்."

மேடம் ஜன்னலருகே போனார். கூட்டம் கலைந்திருந்தது. செருப்பு மட்டும் தனியாகக் கிடந்தது.

"வத்தி, காலையில வாசல்ல யார் யார் எப்படித் திட்டினாங்க? ஒரு வார்த்தை விடாம சொல்லு."

"திட்டு வேணுமா? தாராளமா!" வத்தி தொண்டையைக் கனைத்துக்கொண்டான். குரல் மாற்றிப் பேசுவதில் கெட்டிக்காரன். கூட்டத்தில் நின்ற வேன் டிரைவர் போலக் கத்தினான், ட்யூஷன் வாத்தியார் போல மூக்கால் பேசினான், நர்ஸம்மா போல விம்மினான், பூட்டு போலக் கையை உயர்த்தினான். பாதியிலேயே மேடம் "போதும்" என்றார். அந்த முகத்தில் வந்ததைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. பூனை காதை நிமிர்த்தின மாதிரி இருந்தது.

"என்ன மேடம்? சொல்லுங்க!"

"சொன்னா நீ இப்பவே போய்ச் சண்டை போடுவே. மத்தியானம் நீ வாயைத் திறக்கக் கூடாது. கண்ணை மட்டும் திற. யார் போனை மேஜைக்கு அடியில கொண்டுபோறாங்கன்னு பாரு." அக்காவிடம், "நீங்க வராதீங்க. வந்தா காரியம் கெட்டுப்போயிடும்," என்றார்.

---

சங்கக் கூட்டம் ஒரு ட்யூட்டோரியல் வகுப்பறையில் நடந்தது. வெள்ளைப் பலகை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சரியாக மூடாத ஒரு ஜன்னல். சுவரில் பெரிய திரை, அதில் சந்தையின் பொது விலைகள் ஓடிக்கொண்டிருந்தன. மேடைமேல் துணி விரித்த மேஜைக்குப் பின்னால் செயலாளர் உட்கார்ந்து, உறுப்பினர்களுக்கு வைத்த பிஸ்கட்டில் மிஞ்சியதைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். வத்தி அதைப் பார்த்தான். பார்க்க மட்டும்தானே அனுமதி.

தீர்மானத்தைப் படித்து முடித்தார்கள். "ஆட்சேபம் உண்டா?" என்று செயலாளர் கேட்டபோது மேடம் எழுந்தார்.

"ஆட்சேபம் இல்லை. ஆனா போலீஸ்ல இதை எடுத்துக்கணும்னா, ஏணி ஏமாத்துதுன்னு இங்கேயே, எல்லார் முன்னாடியும், ஒரு தடவை நிரூபிச்சிடுங்க. நாளைக்கு எந்த வக்கீலும் கேள்வி கேக்க முடியாது."

"நல்ல யோசனை!" என்றார் ட்யூஷன் வாத்தியார். கூட்டம் ஆமாம் என்றது.

"நாலு பேர் போதும். புதுசா கணக்குத் திறக்கணும், ஒரே பங்கை ஒரே நேரத்துல வாங்கணும். ஒண்ணு ரெண்டு வாங்கினா வித்தியாசம் தெரியாது, கொஞ்சம் கனமா வாங்கணும்."

நர்ஸம்மா, வேன் டிரைவர், ட்யூஷன் வாத்தியார் மூவரும் கை தூக்கினார்கள். இன்னும் இழக்க என்ன இருக்கிறது என்ற முகம் மூவருக்கும்.

"நாலாவது செயலாளர்தான்," என்றார் மேடம். "நீங்களும் இழந்தவர்தானே?"

"நான்... நான் கூட்டத்தை நடத்தறவன். தவிர, என் கணக்கை அன்னைக்கே மூடிட்டேன்."

"அதனால என்ன, புதுசுதான் வேணும். செயலாளரே இழந்தார்னா கேஸ் பலமா நிக்கும்."

"போடுங்க செயலாளரே!" என்று பின்வரிசையிலிருந்து குரல்கள் வந்தன.

"இவங்க மூணு பேருக்கும் நஷ்டமாறதை நான் குடுத்துடறேன்," என்றார் மேடம். "உங்களுக்குக் குடுக்க முடியாது. பதவியில இருக்கறவர். நான் குடுத்தா அதுக்குப் பேர் லஞ்சம்."

சிரிப்பு கிளம்பியது. செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மனசுக்குள் கூட்டல் கழித்தல் ஓடுவது நெற்றியில் தெரிந்தது.

எல்லோரும் கணக்குத் திறந்தார்கள். மேடம் பலகைக்குப் போய் பேனாவை எடுத்தார். "போனை எனக்குக் காட்ட வேண்டாம். என்ன விலைக்குக் கிடைச்சதுன்னு வாயால சொன்னா போதும், எழுதிக்கறேன். தயாராகிக்குங்க."

தயாராவதற்கு அவர் கொடுத்த அந்தச் சிறிய இடைவெளியில், நர்ஸம்மா போனை முகத்துக்கு நேராகப் பிடித்தாள். டிரைவர் மடியில் வைத்துக்கொண்டார். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்தார். செயலாளரின் கை மட்டும் மெல்ல மேஜைத் துணிக்கு அடியில் போனது.

வத்தியால் விரலைப் பார்க்க முடியவில்லை. ஆனால் தோளைப் பார்க்க முடிந்தது. தோள் லேசாக அசைந்தது. முன்னே, பின்னே. முன்னே, பின்னே. முன்னே, பின்னே. பல வருஷமாகச் சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்த்த அசைவு அது. அக்காவின் தோள் அப்படித்தான் போகும்.

அந்த மேஜையில் அக்கா இவருக்கு எத்தனை நாள் சோறு போட்டிருக்கிறாள்! அவள் உப்பைத் தின்றுவிட்டு, அவள் உப்பையே விற்றிருக்கிறான்! நாற்காலியின் கையை அவன் இறுக்கிப் பிடித்ததில் பிளாஸ்டிக் முனகியது. மேடத்தின் பார்வை ஒரு கணம் அவன்மேல் பட்டது. வாயை மூடிக்கொண்டான். அவன் வாழ்க்கையிலேயே அதைவிடக் கஷ்டமான வேலை செய்ததில்லை.

"திரையில இருநூத்திப் பத்து," என்றார் மேடம். "வாங்குங்க!"

"இருநூத்திப் பதிமூணு," என்றாள் நர்ஸம்மா.

"எனக்கும் பதிமூணு."

"பதிமூணேதான். அயோக்கியனுங்க!" என்றார் வாத்தியார்.

மேடம் மூன்றையும் எழுதினார். "செயலாளருக்கு?"

"எனக்கும் அதேதான்! இருநூத்திப் பதிமூணு!" செயலாளர் மேஜையைத் தட்டினார். "பாத்தீங்களா? என் சொந்தக் காசு! இப்படித்தான் நம்ம எல்லாரையும் உறிஞ்சினான். அவனுக்குத் தொண்ணூத்தி ரெண்டு மார்க் போட்டா அந்த மகராசி!"

மேடம் நாலாவதை எழுதவில்லை. பேனாவை மூடினார்.

"போனைக் கொஞ்சம் காட்டுங்க."

"வாயால சொன்னா போதும்னீங்களே?"

"மூணு பேருக்குப் போதும். உங்களுக்குப் போதாது."

"சார்ஜ் போயிடுச்சு." போன் அவர் சட்டைப்பையை நோக்கிப் போனது.

போய்ச் சேரவில்லை. நர்ஸம்மா எழுந்து, ஊசிக்குப் பயந்து கையை இழுக்கிற ஆளைப் பிடிப்பது போல மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். நாற்பது வருஷ அனுபவம் உள்ள பிடி அது. போன் அவள் கைக்கு வந்தது. சார்ஜ் நன்றாகவே இருந்தது.

"இருநூத்திப் பத்து," என்று படித்தாள். இன்னொரு முறை படித்தாள். "உனக்கு மட்டும் இருநூத்திப் பத்துக்குக் கிடைச்சிருக்கு! ஏன் பொய் சொன்னே?" விரலால் திரையைத் தள்ளினாள். "மேல என்னமோ ரத்து, ரத்து, ரத்துன்னு மூணு இருக்கே, அது என்ன?"

"இன்னொரு கணக்குத் திறங்கம்மா," என்றார் மேடம். "முதல்ல அதே மாதிரி மூணு தடவை வாங்கி ரத்து பண்ணுங்க. அப்புறம் வாங்குங்க."

நர்ஸம்மா செய்தாள். அவளுக்கும் திரையில் காட்டிய விலைக்கே கிடைத்தது.

"மார்க்கக்கா ஒவ்வொரு மென்பொருளையும் இப்படித்தான் தொடங்குவாங்க. அப்படித் தொடங்கறவங்களுக்கு மட்டும் ஏணி ஒழுங்கா நடக்கும், மத்தவங்களைச் சுரண்டும். இந்தப் பழக்கத்தை யாரோ கம்பெனிக்கு வித்திருக்காங்க."

"அவளே வித்திருப்பா!" செயலாளர் அலறினார். "அவ என்கிட்டயும் சொல்லிக் குடுத்தா, நான் செஞ்சேன், அவ்வளவுதான்!"

"தெரிஞ்சா இந்த மூணு பேருக்கும் ஏன் சொல்லலை? உங்க கண்ணு முன்னாடிதானே அவங்க பணம் போச்சு? காலையில வாசல்லயும் ஏன் சொல்லலை?" மேடத்தின் குரல் ஒரு படிகூட ஏறவில்லை. "அங்கே எல்லாரும் திட்டினாங்க. திருடின்னாங்க, காசு வாங்கிட்டான்னாங்க. கோபத்துல வர்ற வார்த்தை. நீங்க ஒருத்தர்தான், உப்புகூடப் பாக்கலைன்னு திட்டினீங்க. அது அந்த வீட்டுக்குள்ள மட்டும் புழங்கற வார்த்தை. சாப்பாட்டு மேஜையில உக்காந்தவங்களுக்குத்தான் தெரியும். பொய்க் கோபம் பாருங்க, சொல்லு கிடைக்காம உங்களுக்குத் தெரிஞ்சதையே எடுத்துப் போட்டுட்டீங்க."

"இதெல்லாம் ஒரு சாட்சியா?"

"இல்லை. அதனாலதான் உங்க சொந்தக் காசைக் கேட்டேன். உப்புப் பாக்காம வாங்கியிருந்தா நான் தோத்திருப்பேன். ஆனா தெரிஞ்சே நஷ்டப்பட உங்களுக்கு மனசு வராது. காசும் போகக் கூடாது, கூட்டத்தோட சேர்ந்து கத்தவும் வேணும். எவ்வளவுக்கு வித்தீங்கன்னு போலீஸ் கேக்கட்டும். நீங்கதானே கூப்பிடறதா இருந்தீங்க?"

கூட்டம் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு எழுந்தது. டிரைவர் மேடையில் ஏறிவிட்டார். வத்தியும் எழுந்தான். இனி வாயைத் திறக்கலாம், கையையும் திறக்கலாம் என்று இரண்டு அடி வைத்தான்.

அப்போதுதான் கதவருகில் அக்கா நிற்பதைப் பார்த்தான். வராதே என்று சொன்னால் கேட்கிற குடும்பமா அது! எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை. வீட்டுச் செருப்போடு வந்திருந்தாள். கூட்டம் தானாக வழி விட்டது. நர்ஸம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா யாரையும் பார்க்காமல் நேராக மேஜை முன்னால் போய் நின்றாள். அறைவாள் என்று வத்தி நினைத்தான். அறைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டான்.

அவள் அறையவில்லை. அந்தப் பழைய மேஜையில் தட்டை வைத்துவிட்டு எதிரே நின்று கேட்பாளே, அதே குரலில் கேட்டாள்.

"அண்ணா, உப்பு சரியா இருக்கா?"

"ம்... சரியாத்தான் இரு..."

வருஷக்கணக்கில் சொல்லிப் பழகிய வாய், அவரைக் கேட்காமலே பதில் சொல்லத் தொடங்கிவிட்டது. பாதியில் தெரிந்துகொண்டு நிறுத்தினார். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. நேற்றாக இருந்தால் வத்தி அதைப் பார்த்து, பூட்டு திறந்துகிச்சு என்று சொல்லியிருப்பான். இப்போது ஒன்றும் சொல்லாமல் போய் அக்காவின் பக்கத்தில் நின்றுகொண்டான்.